மூக்கைப் பிடித்த பதினைந்து நிமிடம்

நாகேந்திரனின் மூக்கிலிருந்து குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ரத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு தோர்த்துத் துண்டு முழுக்க நனைந்து, இரண்டாவதும் பாதி சிவந்துவிட்டது.

மனுஷன் ஈசிச்சேரில் தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டு, வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தார். அவர்கள் ஊரான கொட்டாரத்தில் யாருக்கு மூக்கில் ரத்தம் வந்தாலும் அப்படித்தான் உட்கார வைப்பார்கள். உச்சியில் ஒரு செம்புத் தண்ணீரும் ஊற்றுவார்கள். அவர் மனைவி கோமளவல்லி அதையும் ஊற்றிவிட்டாள்.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு, ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை விழுங்குகிறவர். லேசில் நிற்குமா?

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனைத் தேடி எடுத்து, ‘கேஸ் ஏஜென்சி’ என்றிருந்த நம்பரை அழுத்தினாள்.

மஸ்கட்டில் ஆதிரா எடுத்தாள்.

அவர்களுடைய ஒரே மகள். அங்கே நர்ஸ். சர்ச்சுக்குப் போகிற ஜெபிஷைக் கட்டிக்கொண்டதால், நான்கு வருடமாக அந்த வீட்டில் அவள் பெயரைச் சொல்லக்கூடாது. அப்பா போட்ட சட்டம். அவர் வயலுக்குப் போகிற நேரம் பார்த்து அம்மா மட்டும் களவாகப் பேசுவாள்.

இப்போது ஸ்பீக்கரில் போட வேண்டியதாயிற்று. மகள் என்று தெரிந்தால், இந்த வீம்புக்காரர் செத்தாலும் சொன்னபடி கேட்க மாட்டார். அந்தப் பயத்தில் கோமளவல்லி முந்திக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரி நர்சாக்கும். அவ சொல்லுகபடி செய்யுங்கோ.”

ஆதிரா புரிந்துகொண்டாள். குரலைக் கொஞ்சம் மாற்றி, “சார்” என்றாள்.

தலையை முன்னால் குனியச் சொன்னாள். தொண்டைக்கு வருவதைத் துப்பச் சொன்னாள். மேலே எலும்பை அல்ல, கீழே மெத்தென்று இருக்கிற இடத்தை இரண்டு விரலால் சேர்த்துப் பிடிக்கச் சொன்னாள். பதினைந்து நிமிடம். நடுவில் எடுத்துப் பார்க்கக்கூடாது. நிற்காவிட்டால் இன்னொரு பதினைந்து நிமிடம். அதற்கும் மசியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய் மூக்குக்குள் துணித்திரி வைத்து அடைக்க வேண்டியதுதான்.

அவர் மறுபேச்சில்லாமல் குனிந்து பிடித்துக்கொண்டார். கோமளவல்லிக்கே ஆச்சரியம்.

ஆதிரா போனை வைக்கவில்லை. வாயால் மூச்சு விடச் சொன்னாள். பயப்படவேண்டாம் என்றாள். மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சார். போகப்போக அவள் குரல் நடுங்க ஆரம்பித்தது. பெற்ற அப்பனைப் பிள்ளை சார் என்று கூப்பிடும்படி ஆயிற்றே என்று கோமளவல்லிக்கு வயிறு எரிந்தது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பதினைந்து நிமிடம் முடிந்தது.

நாகேந்திரன் மெல்ல விரலை எடுத்தார். கோமளவல்லி குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட இல்லை.

“நின்னுட்டா சார்?” என்றது போன்.

கோமளவல்லி வாயைத் திறப்பதற்குள் அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். கண் இரண்டும் நிறைந்திருந்தது.

“மகக்கிட்ட இன்னும் நிக்கல்லன்னு சொல்லுட்டீ,” என்றார் ரகசியமாக.

சொல்லிவிட்டு, மூக்கை மறுபடியும் பிடித்துக்கொண்டார்.