தொட்டிலை நகர்த்திய குறளி

யார்க்‌ஷயர் பண்ணைவீட்டில் டாம்சின் தொட்டிலைக் கணப்படுப்பு ஓரமாக வைத்துவிட்டுப் பால் கறக்கப் போனாள். திரும்பி வந்தால், பிள்ளையோடு தொட்டில் வாசலுக்கு வெளியே கிடந்தது. மூன்று நாளாக இதே கூத்து.

"வீட்டுக் குறளிதாங்க. பிள்ளைய தூக்கிட்டுப் போகப் பாக்குது," என்று நடுங்கினாள்.

"புதுச் சட்டை குடுத்தா வீட்ட விட்டே போயிடும். ஒண்ணு தைச்சு வை," என்றான் கணவன் ஜேபஸ்.

சாண் நீளத்தில் தைத்து வைத்தாள். மறுநாள் காலையில் சட்டையைக் காணோம். தொட்டில் கணப்படுப்பு ஓரமாகவே இருந்தது. நிம்மதியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பால் கொடுக்க நகர்ந்தாள்.

கணப்படுப்புக்கு மேலிருந்த புகைபோக்கி மொத்தமும் சரிந்து தொட்டில்மேல் விழுந்தது.

சத்தம் கேட்டு ஜேபஸ் ஓடிவந்தான். டாம்சின் பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள்.

"அத அனுப்பிட்டோமே. இனிமே யாருங்க பிள்ளைய பாத்துக்குவா?"