உப்பு டப்பாவுக்குள் ஒரு ஸ்விட்ச்

“ஒரே அழுத்து! ஃபேன், லைட்டு, டிவி, ரெண்டு கம்ப்யூட்டர், அந்தப் பாட்டுப் பெட்டி, அந்த ரூம்ல இருக்கறது மொத்தமும் படுத்துடும். போதுமா?”

அக்காவின் கணவர் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் சொருகிக்கொண்டு பெருமையாகச் சொன்னார். தம்பி அவரை மாமா என்று கூப்பிடுவான். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். நாடக மேடைக்கு விளக்குப் போடுவது அவர் தொழில்.

சமையலறை அலமாரியில், ‘உப்பு’ என்று எழுதிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தடியாக ஒரு ஸ்விட்ச் உட்கார்ந்திருந்தது. டப்பாவின் முதுகில் ஓட்டை போட்டு, சுவர் வழியாகப் பெரிய ரூமுக்குப் போகும் ஒயரை அதற்குள் இழுத்து விட்டிருந்தார்.

“மெதுவா பேசுங்க. என் தம்பிக்குப் பாம்புச் செவி,” என்றாள் அக்கா.

“அவனுக்கா? நாள் பூரா ஹெட்போனை மாட்டிக்கிட்டுத் தனக்குத்தானே பேசிட்டிருக்கான். பக்கத்துல இடி விழுந்தாலும் என்ன சத்தம்னு கேக்க மாட்டான்.”

அந்த வீட்டில் ஜன்னலோடு இருந்த பெரிய ரூம் ஒன்றே ஒன்றுதான். அதில் தம்பி இருந்தான். சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் அக்காவும் மாமாவும். அதில் ஒருவர் புரண்டு படுத்தால் மற்றவர் எழுந்து உட்கார வேண்டும். பெரிய ரூம் கிடைக்க வேண்டுமென்றால் தம்பி கிளம்ப வேண்டும்.

“போடான்னு நேராவே சொல்லிட்டா என்ன?” என்றார் மாமா.

“கூடப் பொறந்தவனை வாயால எப்படிங்க போகச் சொல்றது? மனசு கேக்குமா?”

“அதான் ஸ்விட்சால சொல்றோம்.”

பெரிய ரூமிலிருந்து தம்பியின் குரல் கேட்டது. யாரிடமோ போனில் முழங்கிக்கொண்டிருந்தான். மாமா டப்பாவுக்குள் கையை விட்டார். விட்டவர் அழுத்தாமல் நின்றார்.

“அமுக்குங்களேன்!”

“பொறு. பாதி வசனத்துல விளக்கை அணைக்கறவன் மனுஷனே இல்ல. வசனம் முடியணும், ஒரு மூச்சு விடணும், அப்புறம்தான் இருட்டு.”

“வாக்கு குடுத்தா மாற மாட்டேன் சார்! நான் இருக்கேன், நீங்க நிம்மதியா தூங்குங்க!” என்றான் தம்பி.

ஒரு மூச்சு. டக்.

முகமெல்லாம் வியர்க்க வெளியே வந்தான் தம்பி. “அக்கா, கரண்ட் போச்சா?”

“இங்க ஃபேன் ஓடுதேடா, கண்ணு. ஐயோ பாவம், என்னமா வேர்த்துருக்கு!” என்று முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள் அக்கா. நாடகத்தில் சேர்ந்திருக்க வேண்டியவள்.

“ஒயரெல்லாம் பழசு மாப்ள,” என்றார் மாமா. “உன் தகுதிக்கு இந்த இடமா? வெளில நல்லதா ஒண்ணு பாத்துக்கயேன்.”

அன்றிலிருந்து தினமும் இதே கூத்துதான். எலக்ட்ரீஷியன் வந்தார். பலகையைக் கழற்றினார், மீட்டரைத் தட்டினார், கூரை வரைக்கும் ஏறினார். உப்பு டப்பாவை யார் திறந்து பார்ப்பார்கள்? “ஒயர்ல ஒரு குறையும் இல்ல சார். வேற ஏதாவது இருக்கலாம்,” என்று சொல்லிவிட்டு, சொன்ன வேகத்தில் இறங்கிப் போனார்.

அந்த ‘வேற ஏதாவது’ என்னவென்று தம்பி கவனிக்க ஆரம்பித்தான்.

“மாமா, ஒண்ணு கவனிச்சீங்களா?” என்றான் ஒரு நாள் கிசுகிசுப்பாக. “நான் பேசிட்டிருக்கும்போது அணையறதே இல்ல. பேசி முடிச்சு, ஒரு மூச்சு விட்டதும்தான் அணையுது. அது நான் பேசறதைக் கேக்குது மாமா!”

“சரியா ஒரு மூச்சுதானே? முன்ன பின்ன இல்லையே?” என்று மாமா ஆர்வமாகக் கேட்கப்போய், அக்காவிடம் ஒரு கிள்ளு வாங்கினார்.

கடைசியில் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஒரு நாள் இரவு பெட்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றான் தம்பி. அவனுக்குப் பின்னால் பெரிய ரூம் வெளிச்சமாக, காற்றோட்டமாக, காலியாகத் தெரிந்தது. கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று அக்கா அப்போதே கணக்குப் போட்டுவிட்டாள்.

“இனிமே என்னால முடியாதுக்கா. நான் கிளம்பறேன்.”

“எங்களை விட்டுட்டா போறே?” அக்கா முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். “சரிடா, எங்க இருந்தாலும் நல்லா இரு. எங்களைப் பத்திக் கவலைப்படாதே.”

“கவலைப்படாம எப்படிக்கா? அதுக்குத்தான் வந்தேன்.” தம்பி பெட்டியைக் கீழே வைத்தான். “ராத்திரி பகல்னு பாக்காம அந்த ரூம்ல உக்காந்து வேலை செஞ்சு, ஆசை ஆசையா வாங்கின வீடு. பேய் பிடிச்சதை வச்சுக்கிட்டு என்ன பண்றது? வித்துட்டேன். நாளைக்கு சாவியைக் குடுக்கணும், நீங்களும் மூட்டையைக் கட்டிடுங்க. உங்க வீட்டுக் கூரை ஒழுகுது, நாலு நாள்ல போயிடறோம்னுதானே போன மழைக்கு முந்தின மழைக்கு வந்தீங்க... இன்னுமா மாமா ஒழுகுது?”

வசனம் முடிந்தது. ஒரு மூச்சு. தொழில் பழக்கம் லேசில் போகுமா? மாமாவின் கை தானாக உப்பு டப்பாவுக்குள் நுழைந்தது. தம்பியின் முதுகுக்குப் பின்னால் பெரிய ரூம் டக்கென்று இருண்டது.