கீறல்

நாரணாபுரத்து அச்சகத்தில் சன்னல் வெயில் விழும் மேசைமேல் அந்த மாத்திரைப் பெட்டியை வைத்து, சாம்சுந்தர் லென்ஸால் பார்க்கிறான். எதிரே அவன் மனைவி எவாஞ்சலின் நர்ஸ் உடுப்போடு உட்காராமல் நிற்கிறாள். ஒரு வேளைகூட மாத்திரை தவறவில்லை. ஆனாலும் காலையில் மகளுக்கு மறுபடியும் வலிப்பு வந்துவிட்டது. "பெட்டி அடிக்கிற ஆளுதானே நீங்க. அசலா போலியான்னு சொல்லுங்க. ரெண்டு மணிக்கு அடுத்தது குடுக்கணும்." பெட்டியின் நீலப் பட்டையில் மயிரிழையாக ஒரு வெள்ளைக் கீறல் ஓடுகிறது. கோடையில் இங்கே அச்சுப் பிளேட்டில் விழுந்த கீறல் அது. அசல் பெட்டி ஒன்றைக் கொடுத்து அதேபோல் அடிக்கச் சொன்ன தரகர் அன்றைக்குச் சிரித்தார்: "விடுலே, லென்ஸ் வச்சுப் பாத்தா மாத்திரை வாங்குறாக?"

லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே அவன் சொல்கிறான். "குடுக்காத. போலி." "அம்புட்டு உறுதியா எப்படிச் சொல்றீக?" அவன் பெட்டியைக் கவிழ்த்து வைக்கிறான். பின்னால் இயந்திரம் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. எவாஞ்சலினின் பார்வை அவன் நகக்கண்களில் ஊறிய நீலத்தில் நிற்கிறது. பிறகு அவனைத் தாண்டி, இயந்திரத்திலிருந்து வந்து விழும் அட்டைகளுக்குப் போகிறது. ஒவ்வொன்றிலும் அதே நீலப் பட்டை. பிளேட்டு புதியது. கீறல் இல்லை.