சமரனும் குளிர்ச்சாடியும்

அந்தக் குதிரைப் பண்ணையில் சமரன்தான் பேர்பெற்ற பொலிகுதிரை. ஒருநாள் காலை மருத்துவர் அதன் விந்தைச் சின்னச் சின்னக் குழல்களில் அடைத்து, வெண்புகை கக்கும் குளிர்ச்சாடிக்குள் இறக்கிவிட்டு, "இருபது வருஷத்துக்கு இது போதும்" என்றார்.

"போதும்னா, இனிமே நான் எதுக்கு?" என்று பக்கத்துக் கொட்டடியில் நின்ற சினைக்குதிரை செவ்வரளியிடம் கேட்டது சமரன்.

செவ்வரளி மெல்லச் சொன்னது: "என் வயித்துல இருக்கிற குட்டிக்கு அப்பன் யாருன்னு விசாரிச்சேன், அண்ணே. நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே செத்துப்போயிட்டாராம்."

மதியம் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. தன்னைக் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறார்கள் என்று சமரன் சுவரோடு ஒண்டியது. ஆனால் ஆட்கள் கொட்டடிப் பக்கமே வரவில்லை. சாடியைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கி, கம்பளியில் பொதிந்து வண்டியில் வைத்தார்கள்.

"சமரனை ஏத்தியாச்சா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"ஏத்தியாச்சு, பத்திரமாப் போங்க" என்றார் மருத்துவர்.

வண்டி கிளம்பியது. 'நான் இங்கேதான் இருக்கேன்' என்று கனைக்க வாயெடுத்த சமரனுக்குக் குரலே எழும்பவில்லை.