ஆசீர் பொன்னையா நினைவாக ஒரு ஸ்பீக்கர்

புது ஸ்பீக்கரின் முகத்தில் தங்க எழுத்தில், ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்த ஆசீர் பொன்னையா நினைவாக’ என்று எழுதியிருந்தது. அந்த எழுத்து சபையார் கண்ணில் பட வேண்டுமென்று கமிட்டி அதைப் பிரசங்க பீடத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டது. அங்கே வைத்தால் மைக் அதன் சத்தத்தையே திரும்ப வாங்கி ஊளையிடும் என்று சவுண்டு பார்க்கும் இம்மானுவேல் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனான்.

“குடுத்தவங்க மனசு நோகும்லா? நீ சவுண்டக் கொறச்சு வையி,” என்றார் செயலாளர்.

குறைத்தால் எல்லா ஸ்பீக்கரும் சேர்ந்து குறையும், பின்வரிசைக்குக் கேட்காது. கூட்டினால், போதகர் “பிரியமானவர்களே” என்றதுமே ஸ்பீக்கர் வீலென்று கத்தும். குழந்தைகள் அழும். மொத்த சபையும் திரும்பி இம்மானுவேலை முறைக்கும்.

இந்த ஞாயிறு ஆராதனைக்கு முன்னால், யாரிடமும் கேட்காமல் புது ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கிவிட்டான். பக்கச் சுவர்களில் இருந்த பழைய ஸ்பீக்கர்களே போதுமாக இருந்தன. பிரசங்கம் முழுவதும் ஊளையே இல்லை.

ஆராதனை முடிந்ததும், ஸ்பீக்கரைக் கொடுத்த ஜெயசீலி டீச்சர் வழக்கம்போலக் கணவர் பெயரை முந்தானையால் துடைக்க வந்தார். கழன்று கிடந்த வயர் காலில் தட்டியது. இம்மானுவேல் ஓடி வந்தான்.

“டீச்சர், அது வந்து...”

அவர் குனிந்து வயரை எடுத்துச் சுருட்டி, யார் கண்ணுக்கும் தெரியாதபடி ஸ்பீக்கருக்குப் பின்னால் செருகினார்.

“அவுகளும் இப்படித்தான் தம்பி, வாயத் தொறந்தாலே கத்தல்தான். கேட்டுக் கேட்டு ஓஞ்சுட்டேன்,” என்றார். “பேரு மட்டும் இருக்கட்டும்.”