நெருப்புக்குள் ஓடும் கரண்ட்

நோர்வேயின் லோறென்ஸ்கூக்கில் வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு பாகை. எலியாஸின் வீட்டைச் சூடாக்கும் காஸ் பொய்லர் காலையிலிருந்து பற்றுகிறது, சில வினாடிகளில் அணைந்துவிடுகிறது. மாடியில் அவன் மனைவி ஆறு நாள் குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி போர்வைக்குள் கிடக்கிறாள். கீழே நிலவறையில், திருத்த வந்த ஆரணி பொய்லரின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, கரண்ட் அளக்கும் மீட்டரைப் பொருத்துகிறாள். "நெருப்புப் பத்துது அண்ணை. ஆனா உள்ளுக்கு இருக்கிற கொன்ட்ரோல் போர்டுக்கு அது தெரியேல்லை. அதுதான் காஸை நிப்பாட்டுது," என்கிறாள். "நெருப்பு எரியுறது அதுக்கு எப்பிடித் தெரியும்?" என்று எலியாஸ் கேட்கிறான். "இந்தக் கம்பியில இருந்து நெருப்புக்குள்ளால கரண்ட் ஓடி, எர்த் வயரால போர்டுக்குத் திரும்பி வரும்."

அப்படியொன்றை எலியாஸ் கேள்விப்பட்டதே இல்லை. ஆரணி சுவிட்சை நிறுத்திவிட்டு, போர்டின் எர்த் வயரை அசைத்துப் பார்க்கிறாள். அதன் திருகாணி துருவேறித் தளர்ந்திருக்கிறது. துருவைச் சுரண்டி, இறுக்கி, மறுபடி சுவிட்சைப் போடுகிறாள். விசிறி சுழல்கிறது, பொறி தெறிக்கிறது, சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் நீலச் சுடர் எழுகிறது. மீட்டரில் பூச்சியம் இரண்டாகிறது, மூன்றாகிறது. சுடர் நடுங்கும்போதெல்லாம் அந்த எண்ணும் நடுங்குகிறது. ஒரு நிமிடமாகியும் சுடர் அணையவில்லை. "குழாய் சத்தம் போடுது, சரிவந்திட்டுதோ?" என்று மேலேயிருந்து மனைவி கேட்கிறாள். எலியாஸ் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், பூசைக்கு நடுவில் கதைப்பவனைப் போல, அவளுக்குக் கேட்காத குரலில் "ஓம்" என்கிறான்.