கோடு நேராக வரக்கூடாது

சோப்புக் கம்பெனி மேனேஜர் திரையில் ஓடிய முயலைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா இது? கறுப்பு வெள்ளை, புள்ளி புள்ளியா தூசி, கோடு வேற உதறுது. எங்க தாத்தா காலத்துப் படம் மாதிரி இருக்கு."

"அந்த ஸ்டைல்தான் சார் இப்ப எடுபடும்" என்றாள் அனிமேஷன் ஸ்டூடியோவின் சொந்தக்காரி. அவர் மறுத்துவிட்டால் ஸ்டூடியோவில் ஒரு நாற்காலி காலியாகிவிடும். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"கம்ப்யூட்டர் கோட்டை நேரா போட்டுத் தருது. நீங்க மெனக்கெட்டுக் கோணலாக்குறீங்களே?"

"பளபளன்னு பத்து விளம்பரத்துக்கு நடுவுல இது வந்தா நீங்களே நிமிர்ந்து உக்காருவீங்க. இன்னொரு தடவை பாருங்க."

முயல் மறுபடி ஓடிவந்து சோப்பில் வழுக்கி விழுந்தது. மேனேஜர் தன்னை மறந்து சிரித்துவிட்டார்.

"சரி, இதையே முழுசா பண்ணுங்க. ஆமா, இந்த உதறல் எப்படி வருது? சாஃப்ட்வேரா?"

"கையால வரையிறது சார். அவ்வளவு சுலபத்துல யாருக்கும் வராது."

அவர் போனதும், இரண்டு டம்ளர் டீயோடு பின்னறைக்குப் போனாள். ஓவியரின் டம்ளரில் பாதிதான் இருந்தது. நிறைய ஊற்றினால் அவர் கையில் தளும்பிவிடும்.

"வேணாம்னுட்டாரா? டாக்டரே கையை விரிச்சிட்டார் தங்கச்சி. இந்தக் கையை வெச்சுக்கிட்டு இனிமே எதை வரையறது?"

காலையில் அவர் கொடுத்த ராஜினாமா கடிதத்தை அவள் எடுத்தாள். அதன் எழுத்துகளும் முயலைப் போலவே உதறின. நாலாகக் கிழித்தாள்.

"முழுப் படமும் நீங்கதான் வரையணும் அண்ணே. ஒரு கோடு நேரா வந்தாலும் திருப்பி அனுப்பிடுவேன்."